டெல்டாவில் உட்கார்ந்து உலகத்தோடு வியாபாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் ஏற்றுமதிக்கான பேப்பர் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். கல்யாணப் பந்தியில், பேங்க் வரிசையில், சிங்கப்பூரில் இருந்து ராத்திரி பதினோரு மணிக்கு வரும் போனில், எல்லா இடத்திலும் சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

முதல்ல டெல்டான்னா எது எது? திருச்சியும் சேர்த்தியா?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்கள்தான் நடு டெல்டா. இதில் மயிலாடுதுறை 2020 டிசம்பரில்தான் தனி மாவட்டமானது. இவற்றுக்கு இடையில் காரைக்கால் இருக்கிறது, அது புதுச்சேரியைச் சேர்ந்தது. கடலூரின் தென்பகுதியும் புதுக்கோட்டையின் கிழக்கு ஓரமும் காவிரித் தண்ணீரைக் குடிப்பவைதான். திருச்சியை டெல்டாவின் தலை என்பார்கள். வியாபாரக் கணக்கில் அது நம் வாசல், ஏன் என்று மூன்றாவது கேள்வியில் வரும்.

நெல்லு விளையிற ஊருக்கு வெளிநாட்டுக்காரன் எதுக்கு சார் வரணும்?

வந்தானே! பூம்புகாரை விடுங்கள், அது எல்லோருக்கும் தெரிந்தது. ராஜராஜன் காலத்தில் சுமத்ராவை ஆண்ட ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் கட்டினான், அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரே தானமாகக் கிடைத்தது. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1658-ல் டச்சுக்காரர்கள் போர்ச்சுக்கீசியரிடம் இருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலுக்கு வந்தார்கள். பஸ்ஸில் இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய கடற்கரை இது. இதற்குள் இத்தனை நாட்டுக் கொடி பறந்திருக்கிறது.

அவர்கள் கடற்கரைக்காக மட்டும் வரவில்லை. கரைக்குப் பின்னால் தன் தேவைக்கு மேல் விளைவிக்கிற மண் இருந்தது, நெசவு தெரிந்த கை இருந்தது, சரக்கைக் கடலுக்குக் கொண்டுவர ஆறு இருந்தது. இன்றைக்கும் நம் பலம் இவைதான் என்று நான் நம்புகிறேன். இந்த மண்ணில் விளைவது, இந்தக் கைகள் செய்வது, இந்தப் பிள்ளைகள் படித்தது, இவை மூன்றையும் வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இரும்பு ஆலையை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், சிலை வார்க்கும் சுவாமிமலையை எங்கே கொண்டுபோய் வைப்பது? கீழே சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான்.

துறைமுகம், ஏர்போர்ட் எல்லாம் கிட்ட இருக்கா? சென்னைக்குத்தானே போகணும்?

பாதி உண்மை. திருச்சி விமான நிலையம் தஞ்சாவூரில் இருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள், கும்பகோணத்தில் இருந்து சுமார் நூறு கிலோமீட்டர். புதிய முனையத்தை 2024 ஜனவரி 2-ல் திறந்தார்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் என்று நேராகப் போகலாம். காய்கறி, பூ, மீன் போன்ற அழுகும் சரக்கு இந்த விமானங்களின் வயிற்றில்தான் போகிறது. வாங்க வருகிறவர் சென்னையைப் பார்க்காமலேயே நம் பட்டறைக்கு வந்துவிட்டுப் போகலாம் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. தஞ்சாவூரில் இருப்பது விமானப்படைத் தளம், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

காரைக்கால் துறைமுகம் 2009-ல் தொடங்கியது, 2023-ல் அதானி துறைமுக நிறுவனம் வாங்கியது. ஆனால் அங்கே பெரும்பாலும் நிலக்கரி மாதிரி மொத்தச் சரக்குதான். கப்பல் நிறைய ஒரே பொருளை ஏற்றுபவர்களுக்கு அது உதவும். உங்களிடம் இருப்பது ஒரு கன்டெய்னர் அரிசி என்றால் சென்னை, காட்டுப்பள்ளி, அல்லது தூத்துக்குடிதான். கும்பகோணத்துக்கும் சென்னைக்கும் முந்நூறு கிலோமீட்டர் இருக்கிறது, அந்த லாரி வாடகையை விலையில் சேர்க்காமல் சொல்லிவிட்டு அப்புறம் கையைக் கடித்துக்கொண்டவர்கள் என்னிடம் நிறைய வந்திருக்கிறார்கள்.

பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டம் போட்டுட்டாங்களே, இனிமே இங்க ஃபேக்டரியே வர முடியாதாமே?

தவறு. 2020-ல் வந்த அந்தச் சட்டம் எல்லாத் தொழிலையும் தடுக்கவில்லை. தாமிரம், அலுமினியம், துத்தநாகம் உருக்கும் ஆலை, இரும்புத் தாது ஆலை, எஃகு ஆலை, தோல் பதனிடுதல், கப்பல் உடைத்தல், புதிதாக எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் வாயு எடுப்பது, இவை மாதிரி மண்ணையும் தண்ணீரையும் கெடுக்கும் ஒரு பட்டியலைத்தான் தடுக்கிறது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த எண்ணெய் வேலைகள் தொடர்கின்றன. அரிசி ஆலை, எண்ணெய்ச் செக்கு, பழக்கூழ், குளிர்பதனக் கிடங்கு, நெசவு, வார்ப்பு, மென்பொருள், எதற்கும் இந்தச் சட்டத்தில் தடையில்லை.

சட்டம் சும்மா வந்துவிடவில்லை. மன்னார்குடி மீத்தேன் திட்டத்துக்கு 2010-ல் ஒப்பந்தம் போட்டார்கள், ஊர் ஊராக எதிர்த்து நிறுத்தினார்கள். 2017-ல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்தார்கள். சட்டம் வந்த பிறகும் 2023-ல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புப் பகுதிகள் நிலக்கரி ஏலப் பட்டியலில் ஏறின, எதிர்ப்புக்குப் பிறகு எடுத்தார்கள்.

அது சரி, இப்படிப் போராட்டம் பண்ற ஊருக்கு எவன் முதலீடு கொண்டு வருவான்?

இதைக் கேட்டவர் சென்னையில் கட்டுமானத் தொழில் செய்கிற நண்பர். நான் நேர்மாறாகப் பார்க்கிறேன். உணவுப் பொருள் வாங்கும் வெளிநாட்டுக்காரர் முதலில் கேட்பது மண்ணில் என்ன இருக்கிறது, தண்ணீரில் என்ன கலக்கிறது என்றுதான். எங்கள் வயலுக்குப் பக்கத்தில் உருக்காலை வராது, அதற்குச் சட்டம் இருக்கிறது என்று எழுத்தில் காட்ட முடிகிற இடங்கள் இந்தியாவில் எத்தனை? ஒரு ஜெர்மன் வாங்குபவருக்குச் சட்டத்தின் சாரத்தை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினேன், மாதிரி கேட்டுப் பதில் மறுநாளே வந்தது. எந்தத் தொழில் வரும், எது வராது என்று முன்கூட்டியே தெரிவது முதலீட்டுக்கு நல்லதுதானே.

திருச்சியில் இருந்து நாகப்பட்டினம் வரை வேளாண் தொழில் பெருந்தடம் அமைக்கப்போவதாக மாநில அரசு 2023-ல் அறிவித்தது. அந்தத் திசைதான் நமக்குச் சரி. அரிசி ஆராய்ச்சிக்கென்று 1967-ல் திருவாரூரில் சிறிதாக ஆரம்பித்த மையம் இன்றைக்குத் தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. 2021-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற அந்தஸ்தும் கிடைத்தது. பக்கத்து ஊரில் இப்படி ஒன்று இருப்பது தெரியாமல் மிக்ஸர் பாக்கெட்டுக்கு ஆயுள்காலம் எத்தனை நாள் என்று கேட்க பெங்களூருக்கு ஓடுகிறார்கள்.

அரிசி அனுப்பலாமா? நம்மகிட்ட இல்லாத நெல்லா?

அனுப்பலாம், ஆனால் அரசாங்கம் ஒரே ராத்திரியில் கதவைச் சாத்தும் என்பதைத் தெரிந்து இறங்குங்கள். 2023 ஜூலை 20-ல் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தார்கள். அடுத்த மாதம் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத வரி. 2024 செப்டம்பர் கடைசியில்தான் வெள்ளை அரிசித் தடை நீங்கியது, புழுங்கல் வரி அக்டோபரில் போனது. என் வாடிக்கையாளர் ஒருவருக்கு அந்த ஜூலையில் சரக்கு மூட்டை கட்டி முடிந்து லாரிக்குக் காத்திருந்தது. பச்சரிசியை உள்ளூர்ச் சந்தையில் கிடைத்த விலைக்குத் தள்ளினார், வெளிநாட்டு அச்சு போட்ட பைகள் இன்னும் அவர் கிடங்கில் கிடக்கின்றன.

அதனால் அரிசியை மட்டும் நம்பாதீர்கள். அவல், அரிசி மாவு, இடியாப்ப மாவு, சத்துமாவு என்று ஒரு படி மாற்றிய பொருளைக் கூடவே வையுங்கள். இவற்றின் சரக்குக் குறியீட்டு எண் வேறு, மேலே சொன்ன தடை அரிசிக்கான எண்ணுக்குத்தான். நம் பிள்ளைகள் லண்டனில் தேடுவதும் மாவைத்தான்.

மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனின்னா வெளிநாட்டுல நல்ல விலையாமே?

விலை உண்டு, அளவு சிறியது. திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் தேடித் தேடிச் சேர்த்து 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டார், 2018-ல் மறைந்தார். அவர் ஊர் ஊராக விதை கொடுத்து, அடுத்த ஆண்டு இரட்டிப்பாகத் திருப்பி வாங்கிப் பரப்பியதால்தான் இன்று தூயமல்லி, கவுனி என்று பேசுகிறோம்.

ஆனால் வெளிநாட்டில் பேர் மட்டும் போதாது, ஆய்வக அறிக்கை வேண்டும். குலைநோய்க்கு அடிக்கும் ட்ரைசைக்ளசோல் மருந்தின் எச்சம் அரிசியில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் இறுக்கியது. முன்பு அது 1 மில்லிகிராம். நீங்கள் அடிக்காவிட்டாலும் பக்கத்து வயலில் அடித்தால் காற்றில் வரும், ஒரே களத்தில் கதிர் அடித்தால் ஒட்டும், ஒரே ஆலையில் அரைத்தால் கலக்கும். அதனால் விதைப்பில் இருந்தே தனியாகக் கவனிக்க வேண்டும். பத்து விவசாயிகள் சேர்ந்து ஒரே வாய்க்காலில் ஒட்டினாற்போல் நிலம் வைத்திருந்தால் இது முடியும். தனி ஆளாக இரண்டு ஏக்கரில் முடியாது.

சுவாமிமலை சிலையை அனுப்பினா கஸ்டம்ஸ்ல பிடிச்சு வெச்சுக்கறாங்களே, ஏன்?

சிலை நன்றாக இருப்பதால்! வண்டல் மண்ணில் அச்சு எடுத்து மெழுகு உருக்கி வார்க்கும் முறை ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இருந்த அதே முறைதான், அளவு சாஸ்திரமும் அதேதான், மேலே புளியும் ரசாயனமும் போட்டுப் பழசு நிறம் வேறு ஏற்றியிருப்பார்கள். அதிகாரிக்கு எப்படித் தெரியும்? 1972-ன் தொன்மைப் பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலையை தனி ஆள் யாரும் நாட்டை விட்டு அனுப்பவே முடியாது. திருட்டுப்போன பத்தூர் நடராஜர் லண்டன் நீதிமன்றம் வரை போய் 1991-ல் திரும்பினார், ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாவில் இருந்து 2014-ல் திரும்பினார். இத்தனை நடந்த பிறகு சந்தேகப்படுவது அவர்கள் கடமை, அதில் கோபப்பட ஒன்றும் இல்லை.

இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘தொன்மைப் பொருள் அல்ல’ என்ற சான்று வாங்கி அனுப்புங்கள். நாலு பக்கமும் எடுத்த படம், அளவு, எடை, வார்த்த தேதி, பட்டறை பில் எல்லாம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நான் சொல்லும் இன்னொரு பழக்கம்: மெழுகு நிலையில், அச்சு மண் பூசும்போது, வார்த்து உடைக்கும்போது என்று மூன்று படம் எடுத்துவையுங்கள். சான்றுக்கும் உதவும், வாங்குபவருக்கும் அனுப்பலாம். அவர் அந்தப் படங்களை வீட்டில் மாட்டிவைத்த கதையெல்லாம் உண்டு. பழசு நிறம் ஏற்றுவதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். புதுச் சிலையைப் புதுசாகவே விற்றால் ஸ்தபதிக்கு மரியாதை.

புவிசார் குறியீடு கிடைச்சிடுச்சே, இனிமே வெளிநாட்டுல போலி வராதுல்ல?

வரும். நம்மிடம் குறியீடு நிறைய இருக்கிறது: தஞ்சாவூர் ஓவியம், தலையாட்டி பொம்மை, கலைத்தட்டு, வீணை, நெட்டி வேலை, சுவாமிமலை சிலை, நாச்சியார்கோயில் விளக்கு, திருபுவனம் பட்டு, நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம், 2025-ல் கும்பகோணம் வெற்றிலை. ஆனால் இந்தப் பதிவு செல்லுபடியாவது இந்தியாவுக்குள். வேறு நாட்டில் பாதுகாப்பு வேண்டுமானால் அந்த நாட்டில் தனியாகப் பதிய வேண்டும், அதைச் சங்கமோ அரசு அமைப்போ செய்தால்தான் கட்டுப்படியாகும்.

இன்னொன்று, குறியீடு சங்கத்தின் பேரில் இருக்கும். நீங்கள் தனியாக ‘அங்கீகரிக்கப்பட்ட பயன்படுத்துபவர்’ என்று பதிந்தால்தான் அந்த முத்திரையை உங்கள் பெட்டியில் போட உரிமை. பட்டறையில் நாற்பது வருடம் வேலை செய்தவர்களே இதைப் பதியாமல் இருக்கிறார்கள். விலை ஏறுமா என்றால், முத்திரையும் போய் நீங்கள் எடுத்த படங்களும் போனால் ஏறும், முத்திரை மட்டும் போனால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

இறால்ல நல்ல காசுன்னு சொல்றாங்க, குட்டை வெட்டலாமா?

காசு உண்டு, காயமும் உண்டு. தொண்ணூறுகளில் நாகை மாவட்டத்தில் நெல் வயலை வெட்டி உப்புத் தண்ணீர் பாய்ச்சினார்கள், சுற்றுக் கிராமத்துக் குடிதண்ணீர் உவர்ந்தது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் வழக்குப் போட்டு, 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்புக் கொடுத்தது. பிறகு 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது, அதில் பதியாமல் குட்டை நடத்தக் கூடாது. விளைநிலத்தை வெட்டி இறால் வளர்க்கலாமா என்று கேட்டால் என் பதில் வேண்டாம் என்பதுதான். உவர் நிலம் ஏற்கெனவே கிடக்கிறது என்றால் பேசலாம்.

அப்படி வளர்ப்பவர்களுக்கு ஒரு நல்ல விஷயம், கடல் பொருள் ஏற்றுமதி வாரியத்தின் ஆராய்ச்சி மையம் சீர்காழியிலேயே இருக்கிறது. குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் என்ற ஆன்டிபயாடிக் மருந்துகளின் எச்சம் ஒரு துளி கண்டாலும் சரக்கு திரும்பும், மருந்துக் கடைக்காரர் சொன்னார் என்று எதையும் குட்டையில் கொட்டாதீர்கள். ஒரே நாட்டையும் நம்பாதீர்கள். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு வரியை 50 சதவீதம் வரை ஏற்றியபோது முதலில் அடி வாங்கியதில் இறாலும் ஒன்று.

பேராவூரணி, பட்டுக்கோட்டைத் தேங்காய்க்கு என்ன வழி?

தேங்காயைத் தேங்காயாக அனுப்பினால் லாபம் குறைவு. மட்டையில் இருந்து வரும் நார்த்தூளைக் கட்டியாக்கி அனுப்புவதற்கு வெளிநாட்டுப் பசுமைக்குடில்களில் தேவை இருக்கிறது. உப்பு குறையும்வரை நல்ல தண்ணீரில் அலச வேண்டும், உப்பைக் காட்டும் இ.சி. (மின்கடத்துதிறன்) அளவு குறைந்திருந்தால்தான் வாங்குவார்கள். அலசிய தண்ணீரை அப்படியே வாய்க்காலில் விட்டால் ஊர் சண்டைக்கு வரும், வரவும் வேண்டும்.

தஞ்சாவூர்ல ஐ.டி. கம்பெனி போட்டா ஆள் கிடைக்குமா?

ஆள் இங்கேதான் இருக்கிறார்கள், வேலைதான் சென்னையில் இருக்கிறது. சாஸ்திரா 1984-ல் இருந்து நடக்கிறது, திருச்சி என்.ஐ.டி. 1964-ல் இருந்து, திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் 2009-ல் இருந்து. இடையில் எத்தனையோ பொறியியல் கல்லூரி. 2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் டைடல் நியோ ஐ.டி. பூங்கா திறந்தது. சின்ன அலுவலகத்துக்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை.

யாரைக் கூப்பிடுவது என்பதில்தான் விஷயம். படிப்பு முடித்த உடனே பெங்களூர் பார்க்கத் துடிக்கிற பையனைப் பிடித்து வைக்காதீர்கள். முப்பது வயதில் அம்மா அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று திரும்ப நினைப்பவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்ட பெண்கள், இவர்கள் வந்தால் பத்து வருடம் நிற்பார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஒரே ஆள் பத்து வருடம் பேசுவது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? மூத்த ஆள், பதினைந்து வருட அனுபவம், நாளைக்கே வேண்டும் என்றால் கஷ்டம், அதை மறைக்க மாட்டேன்.

என்னென்ன பேப்பர் வேணும்? ஏஜென்ட் ஐம்பதாயிரம் கேக்கறான்

கொடுக்காதீர்கள். ஏற்றுமதி இறக்குமதி எண்ணுக்கு, அதாவது ஐ.இ.சி.க்கு, அரசுக் கட்டணம் 500 ரூபாய், வீட்டில் இருந்தே ஆன்லைனில் எடுக்கலாம். வருடா வருடம் ஏப்ரலில் இருந்து ஜூனுக்குள் அதைப் புதுப்பித்து உறுதி செய்ய வேண்டும், மாற்றம் ஒன்றும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டும், மறந்தால் எண் முடங்கும். ஜி.எஸ்.டி. பதிவு, வரி கட்டாமல் அனுப்புவதற்கான எல்.யு.டி. உறுதிமொழி, பேங்க் கிளையின் அந்நியச் செலாவணிக் குறியீடான ஏ.டி. கோடு, இவை பொது. உணவு என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் மத்திய உரிமமும், வேளாண் பொருள் ஏற்றுமதி ஆணையமான அபீடாவின் பதிவும். மீன், இறால் என்றால் கடல் பொருள் வாரியம். கைவினை என்றால் கைவினை ஏற்றுமதிக் கவுன்சில்.

மென்பொருள், கணக்கெழுதுதல் மாதிரி சேவை மட்டும் விற்பவர்களுக்கு அரசுச் சலுகை கேட்காதவரை ஐ.இ.சி. கட்டாயமில்லை. ஒரு சின்ன விளக்கு, ஒரு ஓவியம் என்று ஒற்றையாக அனுப்புபவர்கள் தபால் நிலையத்தின் ஏற்றுமதி மையத்தைக் கேட்டுப் பாருங்கள், கன்டெய்னர் நிறையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

காரைக்கால்ல கம்பெனி பதிஞ்சா வரி கம்மியாமே?

பழைய கதை. விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறாக இருந்த காலத்தில் அதில் அர்த்தம் இருந்தது. 2017 ஜூலை 1-க்குப் பிறகு ஜி.எஸ்.டி. விகிதம் எல்லா இடத்திலும் ஒன்று. காரைக்காலில் பதிந்து கும்பகோணத்தில் கிடங்கு வைத்தால் இரண்டு பதிவு, இரண்டு கணக்கு. வேலை அங்கேயே நடக்கிறது என்றால் மட்டும் அங்கே பதியுங்கள்.

நான் சிங்கப்பூர்ல இருக்கேன். ஊர்ல பத்து ஏக்கர் வாங்கி ஃபார்ம் போட்டு ஏற்றுமதி பண்ணலாம்னு இருக்கேன்

தம்பி, நிறுத்துங்கள். வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர், கையில் இந்தியப் பாஸ்போர்ட்டே இருந்தாலும், விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கி ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் அதேதான். அப்பா வழியில் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், விற்பதானால் இங்கே குடியிருக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும். மச்சான் பேரில் வாங்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள், அது பினாமி, பத்து வருடம் கழித்து உறவும் போகும் நிலமும் போகும்.

வழி இருக்கிறது. உணவு பதப்படுத்தும் கம்பெனியில் நூறு சதவீதம் வரை வெளிநாட்டு முதலீடு நேரடியாகவே வரலாம், பங்கு ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கு அறிக்கை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். நிலம் விவசாயியிடமே இருக்கட்டும். நீங்கள் ஆலை வையுங்கள், பாரம்பரிய ரகம் பற்றிச் சொன்னதில் வந்த அந்தப் பத்துப் பேர் குழுவிடம் விளைச்சலை வாங்குங்கள். விவசாயி மாதம் இரண்டு தடவை உங்களைத் திட்டுவார், ஆனால் நெல் வரும்.

ஆலைக்கு இடம் பாத்துட்டேன், ரொம்ப மலிவா சொல்றாங்க. வாங்கிடலாமா?

மலிவு என்றாலே இரண்டு தடவை பாருங்கள். டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம். அதில் வீடு கட்டித் தலைமுறையாக இருப்பவரே தனக்குச் சொந்தம் என்று நம்பி விற்பார். வில்லங்கச் சான்று மட்டும் போதாது, பழைய அ-பதிவேடு (கிராமத்தின் அடிப்படை நிலப் பதிவேடு) வரை பார்க்க வேண்டும், அறநிலையத் துறையின் நிலப் பட்டியலோடும் ஒப்பிட வேண்டும். அடுத்து, பட்டா ஒருவர் பேரில், குத்தகை உழவு இன்னொருவர் கையில் இருக்கும். 1955-லேயே குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, அவரை ஒதுக்கிவிட்டுப் பத்திரம் போட்டால் வழக்குதான்.

நஞ்சையை வேறு பயனுக்கு மாற்ற அனுமதி வாங்குவது சுலபமில்லை, சுலபமாக்கவும் கூடாது. புஞ்சை, மேட்டு நிலம், மூடிக்கிடக்கும் பழைய அரிசி ஆலை, சிட்கோ தொழிற்பேட்டை மனை, இந்த வரிசையில் தேடுங்கள். பழைய ஆலைதான் என் முதல் தேர்வு. மின் இணைப்பும் லாரி திரும்பும் களமும் ஏற்கெனவே இருக்கும்.

நாகப்பட்டினத்துல இருந்து இலங்கைக்குக் கப்பல் விடுறாங்களே, அதுல சரக்கு போடலாமா?

2023 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குத் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்ட்டில் மறுபடி தொடங்கிய அது பயணிகள் கப்பல். உங்கள் பெட்டி போகும், வியாபாரச் சரக்கு போகாது. ஆனால் யாழ்ப்பாணத்து வியாபாரியை நேரில் பார்த்துப் பேச இதைவிட நல்ல வழி இல்லை. ஒரு காலத்தில் இதே நாகப்பட்டினத்தில் இருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் ஏற்றிக் கப்பல் போனது. கூத்தாநல்லூரில், நாகூரில், முத்துப்பேட்டையில் எந்தத் தெருவில் கேட்டாலும் வெளிநாட்டில் கடை வைத்த மாமா ஒருவர் இருப்பார். முதல் வாங்குபவரை இணையத்தில் தேடுவதற்கு முன்னால் அந்த மாமாவுக்குப் போன் போடுங்கள்.

சரக்கை அனுப்பிட்டு காசு வரலன்னா என்ன பண்றது?

எனக்கே நடந்தது. ஆரம்பத்தில் நானும் விளக்கு அனுப்பினேன். மூன்று தடவை ஒழுங்காகப் பணம் கொடுத்த ஒருவர் நாலாவது தடவை பெரிய ஆர்டர் கொடுத்து, சரக்கை வாங்கிக்கொண்டு, பதிலே சொல்லவில்லை. நாச்சியார்கோயில் பட்டறைக்காரருக்கு என் கைக்காசில் இருந்து ஒன்றரை வருடம் கட்டினேன். அன்றைக்கு விட்டது விற்பனை, பிடித்தது இந்தப் பேப்பர் வேலை.

முதல் ஆர்டருக்குப் பாதிப் பணம் முன்னால், மீதி கப்பல் ரசீது நகல் காட்டியதும். பெரிய தொகைக்கு எல்.சி., அதாவது வாங்குபவரின் பேங்க் பணத்துக்கு உறுதி தரும் கடிதம், அதை உங்கள் பேங்க் படித்துப் பார்த்து ஒரு எழுத்தும் பிசகாமல் இருக்கிறதா என்று சொன்ன பிறகுதான் சரக்கு நகர வேண்டும். கடனுக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், பணம் வராமல் போனால் ஈடுகட்டும் இ.சி.ஜி.சி. ஏற்றுமதிக் காப்பீடு. பழகியவர்தானே என்று விடுவதில்தான் ஆபத்து, புது ஆளிடம் எல்லோரும் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறோம்.

புயல், வெள்ளம்னு வருஷா வருஷம் வருதே, கெடு தவறினா?

2018 நவம்பர் 16 கஜா இரவை இங்கே யாரும் மறக்க முடியாது. தென்னை மொத்தமாகச் சாய்ந்தது, பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. 2004 சுனாமியில் நாகை இழந்தது பணக் கணக்கில் வராது. இதை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை கப்பல் தேதிக்கு இரண்டு வாரம் கூடுதலாகக் கேளுங்கள், கிடங்குத் தளத்தைச் சாலை மட்டத்தைவிட உயர்த்துங்கள், சரக்குக் காப்பீட்டில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று வாசியுங்கள். கும்பகோணத்துக்காரர்களுக்கு இன்னொன்று, 2028-ல் மகாமகம். அந்த நாள்களில் ஊருக்குள் லாரி நுழையாது, இப்போதே நாட்காட்டியில் குறியுங்கள்.

எல்லாம் சரி அண்ணே, ஆத்துல தண்ணியே வரலன்னா?

இந்தக் கேள்வியைக் கேட்டது மன்னார்குடியில் இருந்து ஒரு கல்லூரி மாணவி, மற்ற எல்லாக் கேள்வியும் இதில்தான் வந்து நிற்கிறது. 2018-ல் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் எல்லையிலுள்ள பிலிகுண்டுலு அளவீட்டு நிலையத்தில் தர வேண்டிய அளவை 177.25 டி.எம்.சி. என்று வைத்தது, அந்த ஆண்டே மேலாண்மை ஆணையமும் அமைந்தது. ஆனாலும் மழை பொய்த்த வருடம் சண்டை வருகிறது. மேட்டூரை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். அந்த இரண்டு மாத வித்தியாசம் குறுவையைத் தின்றுவிடும்.

அதனால் நெல்லை நம்பி வருட ஒப்பந்தம் போடும்போது மே கடைசி வாரம் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், அணையின் முழு உயரம் 120 அடி. குறுவை அரிசி செப்டம்பரில் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்காமல், சம்பா அரிசி பிப்ரவரிக்குப் பிறகு என்று எழுதுங்கள், குறுவை வந்தால் முன்கூட்டியே அனுப்பலாம் என்று ஒரு வரி சேருங்கள். ஆலையில் ஒரு லிட்டர் தண்ணீர் எங்கெங்கே போகிறது என்று கணக்கு எழுதுங்கள், நெல் வேகவைத்த தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துங்கள். கடலோரத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சினால் உப்பு உள்ளே வரும், அப்புறம் உங்கள் ஆலைக்கும் தண்ணீர் இல்லை, பக்கத்து வயலுக்கும் இல்லை. அந்தப் பெண் இப்போது தன் அப்பாவின் நெல்லை அவலாக்கி மலேசியாவுக்கு மாதிரி அனுப்பியிருக்கிறாள், போன வாரம்தான் எல்.யு.டி. போட்டுக் கொடுத்தேன்.